நூலக அக்கா பதில்கள்: மருத்துவப் புத்தகங்களை எப்படி அடுக்குவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருத்துவப் புத்தகங்களைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் பள்ளத்தூருக்குத் திரும்பி வந்தவள் நான். எனக்குப் பிடித்த விஷயம் இது.

கேள்வி: என் மாமனார் தேவகோட்டையில் வைத்தியம் பார்த்த டாக்டர். அவர் வாங்கிச் சேர்த்த நானூறு சொச்சம் புத்தகங்கள் பட்டாலையில் மூன்று பீரோக்களில் கிடக்கின்றன. நர்சிங், பார்மஸி படிக்கிற ஊர்ப் பிள்ளைகள் வந்து படிக்கும்படி முகப்பு அறையில் வைக்க ஆசை. ஆசிரியர் பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கிவிடலாம் என்கிறான் என் தம்பி மகன். சரிதானா அக்கா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் ஆச்சி. நாவல்கள் என்றால் அப்படி அடுக்கலாம், ஏனென்றால் வாசகர் எழுத்தாளர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார். மருத்துவப் புத்தகம் தேடி வருகிற பிள்ளையின் மனதில் ஓர் உறுப்பு இருக்கும், அல்லது ஒரு நோய் இருக்கும். ‘இதயத்தைப் பற்றி எது இருக்கு?’ என்றுதான் கேட்கும். ஆசிரியர் வரிசையில் வைத்தால் இதயப் புத்தகம் பத்தும் பத்து இடத்தில் சிதறிப்போகும்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இதற்கென்றே ஒரு பகுப்பு முறை வைத்திருக்கிறது. சுருக்கமாக என்.எல்.எம். பகுப்பு என்போம். 1951இல் முதல் பதிப்பு வந்தது. 2002 முதல் இணையத்தில் மட்டும் வெளியிடுகிறார்கள், காசு கட்ட வேண்டாம். அதில் அடிப்படைப் பாடங்களுக்குக் கியூ எழுத்து: கியூ.எஸ். என்றால் உடற்கூறு, கியூ.டி. உடலியங்கியல், கியூ.வி. மருந்தியல், கியூ.டபிள்யூ. நுண்ணுயிரியல். நோயும் சிகிச்சையும் டபிள்யூ எழுத்தில் வரும். டபிள்யூ.ஜி. இதயமும் ரத்தக்குழாயும், டபிள்யூ.எஃப். மூச்சு மண்டலம், டபிள்யூ.ஐ. செரிமானம், டபிள்யூ.எல். நரம்பு, டபிள்யூ.கியூ. மகப்பேறு, டபிள்யூ.எஸ். குழந்தைகள், டபிள்யூ.ஒய். செவிலியம், கடைசியில் டபிள்யூ.இசட். மருத்துவ வரலாறு. பெரிய நூலகங்கள் இந்த எழுத்துகளுக்குப் பின்னால் எண்ணும் சேர்க்கும். உங்கள் நானூறு புத்தகத்துக்கு இரண்டெழுத்தே போதும். அதற்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் மூன்றெழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி மகன் சொன்ன அகர வரிசைக்கும் அங்கே இடம் கிடைத்துவிடும்.

வேலையை இப்படித் தொடங்கலாம். பட்டாலைத் தரையில் பழைய வேட்டிகளை விரித்து, ஒவ்வொரு வேட்டிக்கும் ஓர் எழுத்துச் சீட்டு வையுங்கள். புத்தகத்தின் அட்டையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், பொருளடக்கத்தையும் முன்னுரையையும் பாருங்கள். ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எல்லாவற்றையும் பதியுங்கள். அதே எண்ணைப் பெயர்ப் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். முதுகில் ஒட்டும் சீட்டுக்குச் செல்லோடேப் போட்டுவிடாதீர்கள். நம்மூர் வெயிலில் அது மஞ்சளாகிப் பசை கக்கும். அப்புறம், ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கை காலியாக விடுங்கள். புதுப் புத்தகம் வந்தால் நடுவில்தான் நுழைய வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்ல வேண்டும். டாக்டர்கள் வீட்டுப் பீரோவில் அச்சுப் புத்தகங்களோடு கையெழுத்து நோட்டுகளும் இருக்கும். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து கொடுத்தார் என்று பெயர் போட்டே எழுதியிருப்பார்கள். அந்த நோட்டுகள் எதுவும் முகப்புக்கு வரக் கூடாது. அந்தப் பெயர்க்காரர்களின் பேரன் பேத்திகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். தனியாகக் கட்டிப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் நூலகக் கம்ப்யூட்டரில் ‘சர்க்கரை நோய்’ என்று அடித்தால் நான்கு புத்தகம் வருகிறது. ‘நீரிழிவு’ என்றால் வேறு ஏழு. ‘டயாபடீஸ்’ என்றால் இன்னும் வேறு. மாணவிகள் முதல் தேடலில் வந்த புத்தகங்களோடு எழுந்து போய்விடுகிறார்கள். இதை எப்படிச் சரிசெய்வது?
– ஒரு ஆசிரியை, காரைக்குடி

பதில்: டீச்சர், உங்கள் நூலகத்தில் புத்தகத்தின் பெயரை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள், பொருள் தலைப்பு கொடுக்கவில்லை. பல கல்லூரிகளில் இந்த நிலைதான். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி தலைப்பு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அந்த அலட்சியத்தால் மாணவிக்குப் பாதிப் புத்தகம் கண்ணிலேயே படுவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

நம் செட்டிநாட்டு வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே ஊரில் எத்தனை முத்தையா, எத்தனை அண்ணாமலை! ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகள் இன்ன வீட்டு இன்னார் என்று கட்டிவிடும். ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயர், கடையில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கணக்குப் புத்தகத்தில் ஒரே விலாசம்தான். பொருள் தலைப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு நோய்க்கு ஒரு பெயரை ‘இதுதான்’ என்று முடிவு செய்கிறோம். மற்ற பெயர்களையெல்லாம் அந்தப் பெயருக்குத் திருப்பிவிடுகிறோம்.

மருத்துவத்துக்கு இந்தப் பட்டியல் தயாராகவே இருக்கிறது. என்.எல்.எம். 1960இல் வெளியிட்ட மருத்துவப் பொருள் தலைப்புகள், சுருக்கமாக ‘மெஷ்’. ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். இன்று ஏறக்குறைய முப்பதாயிரம் தலைப்புகள் இருக்கின்றன. உடற்கூறு, உயிரிகள், நோய்கள், மருந்துகள் என்று 16 பெரும் பிரிவுகள். ‘ஹார்ட் அட்டாக்’ என்று தேடினால் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்புக்கு அழைத்துப் போகும். ‘கேன்சர்’ என்றால் ‘நியோப்ளாசம்ஸ்’. ‘ஹை பிளட் பிரஷர்’ என்றால் ‘ஹைப்பர்டென்ஷன்’. ஒரே தலைப்பு இரண்டு கிளையிலும் இருக்கலாம். ‘டயாபடீஸ் மெல்லிட்டஸ்’ வளர்சிதை மாற்ற நோய்களிலும் உண்டு, நாளமில்லாச் சுரப்பி நோய்களிலும் உண்டு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கைக்குக் கிடைக்கும்.

ஆங்கிலப் புத்தகங்களுக்கு மெஷ்ஷை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ‘நீரிழிவு’ என்பதைத் தலைப்பாக வைத்துக்கொண்டு, ‘சர்க்கரை நோய் – பார்க்க: நீரிழிவு’, ‘டயாபடீஸ் – பார்க்க: நீரிழிவு’ என்று எழுதுங்கள். ‘சர்க்கரை நோய்’தான் மாணவிகள் வாயில் வருகிறது என்றால் அதையே தலைப்பாக்கி நீரிழிவைத் திருப்பிவிடுங்கள், குற்றமில்லை. ஒரு முறை முடிவு செய்தபின் மாற்றக் கூடாது என்பதுதான் முக்கியம். காசநோய்க்கு எலும்புருக்கி, க்ஷயம், டி.பி. மூன்றும் வந்து சேர வேண்டும். பக்கவாதத்துக்குப் பாரிசவாதமும் ஸ்ட்ரோக்கும். தொழுநோய்க்குத் தொழுநோய் என்றே தலைப்பு வையுங்கள். பழைய புத்தகத்தில் குஷ்டம் என்று அச்சாகியிருந்தால் ‘பார்க்க’ வரியில் மட்டும் இருக்கட்டும். நோயாளியைக் கூசவைக்கிற பெயரை நாம் நூலகத்தின் தலைப்பில் ஏற்றக் கூடாது. மெஷ்ஷும் அப்படிப் பல பழைய பெயர்களைக் கைவிட்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: பல நோய்க்கு ஒரு பெயர். ‘அம்மை’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலகத்தில் ‘அம்மை’ என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போட்டிருந்ததைப் பார்த்தேன். சின்னம்மை ஒரு வைரஸ், தட்டம்மை வேறொன்று, புட்டாலம்மை மற்றொன்று. பெரியம்மையை உலகத்தைவிட்டே ஒழித்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தட்டம்மைத் தடுப்பூசி பற்றிப் படிக்க வந்த மாணவி கையில் பெரியம்மைப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? நான்கையும் பிரியுங்கள். ‘அம்மை’ என்ற இடத்தில் நான்கு பெயரையும் வரிசையாக எழுதி, எது வேண்டும் என்று அவர்களே பார்த்துக்கொள்ளும்படி விடுங்கள். அக்கியை மறந்துவிடாதீர்கள். சின்னம்மை தரும் வைரஸ்தான் உடம்பில் தங்கியிருந்து பல வருடம் கழித்து அக்கியாக வருகிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவே ‘மேலும் காண்க’ என்று ஒரு கயிறு கட்ட வேண்டும்.

தலைப்போடு சேர்க்கிற துணைத் தலைப்பும் உங்கள் கல்லூரிக்கு ரொம்ப உதவும். மெஷ்ஷில் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. உங்களுக்கு நோயறிதல், மருந்துச் சிகிச்சை, உணவுச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, தடுப்பு, செவிலியம் என்று ஆறு போதும். ‘நீரிழிவு – செவிலியம்’ என்று தேடுகிற மாணவிக்கு அவளுக்கு வேண்டியது மட்டும் வரும்.

கேள்வி: நூலக அறிவியல் படிக்கிறேன். புத்தகங்களை எண்களால் பிரிக்கும் டியூயி முறையில் மருத்துவத்துக்கு 610 இருக்கும்போது என்.எல்.எம். எதற்கு? பகுப்பெண்ணும் பொருள் தலைப்பும் இரண்டும் ஏன் வேண்டும்? நம்ம ரங்கநாதன் முறை மருத்துவத்துக்கு உதவாதா?
– ஒரு மாணவர், கோவிலூர்

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதில் தெளிவு வந்துவிட்டால் மற்றது எளிது. புத்தகம் கையில் எடுக்கிற ஒரு சாமான். அதை ஒரு தட்டில்தான் வைக்க முடியும். எந்தத் தட்டு என்று சொல்வது பகுப்பெண். ஆனால் அதற்குள் மூன்று நான்கு விஷயம் இருக்கும். ‘கர்ப்பிணிகளுக்கு வரும் நீரிழிவும் உணவு முறையும்’ என்ற புத்தகம் மகப்பேற்றுத் தட்டில் நிற்கட்டும். நீரிழிவு தேடுபவருக்கும் உணவு முறை தேடுபவருக்கும் அது அங்கே நிற்பதைச் சொல்பவை பொருள் தலைப்புகள். இடம் ஒன்று, தலைப்பு பல. தலைப்பு கொடுக்கும்போது புத்தகம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு குறுகலான தலைப்பைக் கொடு. காசநோய்ப் புத்தகத்துக்கு ‘நுரையீரல் நோய்கள்’ என்று பொத்தாம் பொதுவாகக் கொடுப்பது சோம்பேறித்தனம்.

டியூயி பொது நூலகத்துக்கு நல்லது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மருத்துவப் புத்தகம் நூறு இருந்தால் 612, 613, 616 என்று வைத்துவிடலாம். ஐயாயிரம் மருத்துவப் புத்தகம் இருக்கிற கல்லூரியில் எல்லாமே 61இல் தொடங்கும், புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீண்டுகொண்டே போகும். நீரிழிவுக்கு 616.462. முதுகுச் சீட்டில் அவசரத்தில் படிக்கிற ஹவுஸ் சர்ஜனுக்கு அதே நோய்க்கான என்.எல்.எம். எண் ‘டபிள்யூ.கே. 810’ சுலபம்.

ரங்கநாதனை உதவாதவர் என்று யார் சொன்னார்கள்? சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933இல் கோலன் பகுப்பை வெளியிட்டார். அதில் எல் என்றால் மருத்துவம். 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை. எந்த உறுப்பு, அதில் என்ன நோய், அதற்கு என்ன செய்கிறோம் என்று ஒரு டாக்டர் யோசிக்கிற வரிசையிலேயே எண் அமைகிறது. மெஷ்ஷில் நோயும் அதன் துணைத் தலைப்பும் ஒட்டுகிற விதத்தைப் பார், அதே யோசனைதான். கோலன் எண்கள் நீளமாகிவிடுவதால் தட்டுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும். 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. ஆஸ்பத்திரி நூலகத்தில் அந்த விதியின் கனம் வேறு. அங்கே தேடுகிறவர் வார்டில் ஒரு நோயாளியை விட்டுவிட்டு வந்திருப்பார்.

கேள்வி: போனில் தேடினால் நொடியில் எல்லாம் வந்துவிடுகிற காலத்தில் இந்தத் தலைப்பு வேலையெல்லாம் வீண் இல்லையா?
– ஒரு வாசகர், புதுவயல்

பதில்: ஐயா, வருவது எல்லாமா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் அடித்த சொல் இருக்கிற பக்கங்கள் வரும். வேறு சொல்லில் எழுதப்பட்ட நல்ல கட்டுரை வராது. எய்ட்ஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நோயாளிகளைப் பற்றிய செய்தி 1981இல் வந்தது. அப்போது அதற்கு இந்தப் பெயரே இல்லை. மெஷ்ஷில் தலைப்பு 1983இல்தான் சேர்ந்தது. அந்த முதல் கட்டுரைகளில் ‘எய்ட்ஸ்’ என்ற சொல்லே இருக்காது. சொல்லை வைத்து மட்டும் தேடுகிறவர் கையில் அவை சிக்குமா?

1997 முதல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிற பப்மெட் தளத்தில் மூன்றரைக் கோடிக்கும் மேல் மருத்துவக் கட்டுரைப் பதிவுகள் இருக்கின்றன. நீங்கள் அதில் சாதாரணச் சொல்லை அடித்தாலும் அது உள்ளுக்குள் மெஷ் தலைப்பாக மாற்றியும் தேடுகிறது. அதன் வேர் 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற அச்சு அட்டவணை. இப்போது தலைப்புக் கொடுக்கிற வேலையைப் பெரும்பாலும் கணினியே செய்கிறது, சிலவற்றை மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். கணினிக்கும் அந்தத் தலைப்புப் பட்டியல் இல்லாமல் முடியவில்லை.

கேள்வி: எங்கள் ஐயா வீட்டில் சித்த மருத்துவ நூல்களும் ஒரு கட்டு ஏடும் இருக்கின்றன. இவற்றையும் அதே தலைப்புகளில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: கோட்டையூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ரோஜா முத்தையா செட்டியார் உங்கள் ஊரில் இருந்துகொண்டுதான் தமிழ் அச்சு நூல்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். மருத்துவ நூல்களும் அதில் உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

சித்த நூல்களைத் தனித் தட்டில் வையுங்கள். மேக நோய் இருபது வகை என்று பிரிப்பதும், வளி, அழல், ஐயம் என்று நோயின் காரணத்தைப் பார்ப்பதும் ஒரு முழுமையான வேறு கணக்கு. அதை உடைத்து மெஷ்ஷின் பெட்டிகளில் போட்டால் இரண்டுமே கெடும். சித்த நூலில் மதுமேகம் என்று இருந்தால் தலைப்பும் மதுமேகம் என்றே இருக்கட்டும். ‘மேலும் காண்க: நீரிழிவு’ என்று மட்டும் சேருங்கள். ‘பார்க்க’ என்று போட்டுவிட்டால் மதுமேகம் என்ற பெயரே அட்டவணையில் தலைப்பாக நிற்காது. நாடி, குணபாடம் (மருந்துப் பொருள்களின் குணம்), வர்மம், மகளிர் மருத்துவம், குழந்தை மருத்துவம் என்று அந்தத் துறைக்காரர்கள் பிரிக்கிறபடியே நீங்களும் பிரிக்கலாம்.

ஏட்டுக் கட்டை நீங்களாக அவிழ்க்க வேண்டாம். ஓரம் உடையும், இதழ் வரிசை கலைந்தால் சேர்ப்பது பெரும்பாடு. பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, தஞ்சையில் சரஸ்வதி மகால் இருக்கிறது. சுவடி படிக்கத் தெரிந்தவர் பார்த்து உள்ளே என்ன நூல் என்று சொன்ன பிறகு தலைப்புக் கொடுத்தால் போதும்.

கேள்வி: 1960, 70களில் வந்த மருத்துவப் பாடப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: எடைக்கும் போடாதீர்கள், படிக்கிற தட்டிலும் வைக்காதீர்கள். வயிற்றுப்புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும் காரகாரமான சாப்பாடும்தான் காரணம் என்று அந்தக் காலப் புத்தகம் சொல்லும், பால் குடிக்கச் சொல்லும். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் வயிற்றில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். வயிற்றுப்புண் பலவற்றுக்கும் அதுதான் காரணம் என்று தெரிந்து, ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்துகிற வழி வந்தது. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய புத்தகத்தைப் பார்த்து வீட்டில் யாராவது வைத்தியம் செய்துகொண்டால் அதன் விளைவு உடம்பில்தான் இறங்கும். மருந்தின் அளவும் அப்படித்தான், பத்து வருடம் பழையதானாலே நம்பக் கூடாது.

அவற்றை டபிள்யூ.இசட். தட்டுக்கு, வரலாற்றுக்கு, மாற்றுங்கள். முதுகில் பதிப்பாண்டைப் பெரிதாக எழுதி, உள்ளட்டையில் ‘வரலாற்றுக்காக மட்டும், சிகிச்சைக்கு அல்ல’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஒரே புத்தகம் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றைக் கழிக்கலாம். தமிழில் அச்சான மருத்துவ நூல் என்றால் ஒற்றைப் பிரதியையும் கழிக்காதீர்கள். முதலில் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், எந்த ஆண்டு, எந்த ஊர் அச்சகம் என்று எழுதினால் வைத்துக்கொள்ள வேண்டியதா என்று சொல்கிறேன்.